ஒரு ஜிகா லைன் இருந்தும் அம்மா குரல் ஏன் வெட்டி வெட்டி வருகிறது?

சிங்கப்பூரில் எங்கள் பக்கத்து புளோக்கில் இருக்கும் அக்கா ஒருவர் போன மாதம் லிஃப்ட் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீங்க கம்ப்யூட்டர் வேலைதானே? வீட்டுல ஒரு ஜிகா லைன் போட்டிருக்கோம். ஊருக்கு வாட்ஸ்அப்ல பேசினா அம்மா குரல் வெட்டி வெட்டி வருது. கடையில கேட்டா மூணு ஜிகாவுக்கு மாறுங்கன்றாங்க. மாறிடவா?" வேண்டாம் அக்கா என்றேன். யோசிக்காமல் சட்டென்று சொன்னதாலோ என்னவோ, அவருக்கு என் பதிலில் நம்பிக்கை வரவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் கேட்ட கேள்வியைத்தான் பலரும் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். லேட்டன்சி, ஜிட்டர், கோடெக், நாட், சிப் என்று கடைக்காரர்களும் அலுவலக ஐடி ஆட்களும் சொற்களை வீசிவிட்டுப் போகிறார்கள். கேட்பவருக்குப் புரிகிற ஒரே எண் அந்த ஜிகா மட்டும்தான் என்பதால், எந்தக் கோளாறுக்கும் அந்த எண்ணைக் கூட்டுவதே மருந்து என்று ஆகிவிட்டது. குரல் அழைப்பைப் பொறுத்தவரை அந்த எண்ணுக்கு அநேகமாக வேலையே இல்லை. கணக்கைப் பாருங்கள்.

தொலைபேசிக் குரலுக்கென்று 1972ல் வகுத்த ஜி.711 என்ற தரம் இன்றும் அலுவலகத் தொலைபேசிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஒரு பக்கக் குரலுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் கேட்கும். அந்தக் குரலைத் துண்டு துண்டாக்கிக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் முகவரி ஒட்டினால் 80 கிலோபிட் ஆகும். நூறு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு ஜிகாபிட் லைன் என்றால் விநாடிக்குப் பத்து லட்சம் கிலோபிட், கணக்குப்படி அதில் பத்தாயிரம் பேர் ஒரே நேரத்தில் பேசலாம். அக்கா வீட்டில் இருப்பது நாலு பேர், அதில் ஒன்று கைக்குழந்தை.

குரல் எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம், மற்ற சொற்களெல்லாம் இதற்குப் பிறகு தானாக வந்து உட்காரும். நீங்கள் பேசும்போது மைக்கில் விழும் அதிர்வை ஃபோன் விநாடிக்கு 8,000 முறை அளக்கிறது. ஒவ்வொரு அளவையும் எட்டு பிட்டில் எழுதுகிறது. எட்டாயிரம் பெருக்கல் எட்டு, அதுதான் மேலே சொன்ன 64 கிலோபிட். இந்த எண்களை 20 மில்லி விநாடிக்கு ஒரு முறை அள்ளி ஒரு பாக்கெட்டாகக் கட்டி அனுப்புகிறது, அதாவது விநாடிக்கு 50 பாக்கெட். "அம்மா" என்று கூப்பிட அரை விநாடி ஆகிறது என்றால் அந்த ஒரு சொல் 25 பாக்கெட்டாகப் போகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிளம்பி, வழியில் ஒன்றை ஒன்று முந்தி, அந்தப் பக்கம் போய் வரிசையாக நின்றால்தான் அம்மா காதில் அது "அம்மா". வாய்ஸ் ஓவர் ஐபி, இணையத் தொலைபேசி என்றெல்லாம் சொல்வது இதைத்தான்.

குரலை எண்ணாக்குவதும் எண்ணைத் திரும்பக் குரலாக்குவதும் கோடெக்கின் வேலை. ஜி.711 ஒரு கோடெக். ஜி.729 என்று இன்னொன்று உண்டு, அதே குரலை 8 கிலோபிட்டுக்குள் நசுக்கிவிடும். லைன் விலை அதிகமாக இருந்த காலத்தில் அது தெய்வம். இன்று செயலிகளிலும் பிரவுசர் வழிப் பேச்சிலும் அதிகம் புழங்குவது 2012ல் தரமாக வந்த ஓபஸ். லைன் மோசமானால் அது தன்னைச் சுருக்கிக்கொள்ளும், நன்றாக இருந்தால் விரிந்துகொள்ளும்.

பழைய தொலைபேசிக் குரல் ஏன் மூக்கடைத்த மாதிரி இருந்தது என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. அந்தக் காலத்து லைன் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். தமிழில் அம்மா, அப்பா, சாப்பிட்டாச்சா என்று பேசுவதற்கு அது ஏறக்குறையப் போதும். ஆனால் "ஸ்", "ஃப்" போன்ற காற்றொலிகளின் உயிர் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது, அதை வெட்டிவிட்டால் இரண்டும் ஒரே மாதிரி ஒரு சீறல். சிங்கப்பூரில் இது வெறும் ஒலியியல் விஷயம் இல்லை. குடிமக்கள், நிரந்தரவாசிகளின் பழைய அடையாள எண் எஸ் என்ற எழுத்தில் தொடங்கும், பழைய வேலை அனுமதிக்காரர்களின் எண் எஃப்-ல் தொடங்கும். மருத்துவமனை முன்பதிவுக்கு ஃபோன் செய்து எண்ணைச் சொன்னால் "எஸ்ஸா எஃப்ஃபா?" என்று மூன்று தடவை கேட்டதும், நாம் "எஸ் ஃபார் சிங்கப்பூர்" என்று கத்தியதும் இதனால்தான், கேட்டவரின் காதில் கோளாறு இல்லை. இப்போது எச்டி வாய்ஸ் என்று சொல்கிறார்களே, அது விநாடிக்கு 16,000 முறை அளந்து 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகிறது. எஸ்ஸும் எஃப்ஃபும் பிரிந்துவிட்டன, கத்தும் பழக்கம்தான் போகவில்லை.

சரி, குரல் பாக்கெட் ஆகிவிட்டது. அதை அனுப்புவதற்கு இணையத்தில் இரண்டு வழக்கம் உண்டு, டிசிபி, யுடிபி. டிசிபி ஒரு கறாரான கணக்குப்பிள்ளை. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ரசீது கேட்கும். நடுவில் ஒன்று தொலைந்தால் அதைத் திரும்ப வரவழைத்துச் சேர்க்கும்வரை பின்னால் வந்ததையெல்லாம் நிறுத்தி வைத்திருக்கும். வங்கிக் கணக்குக்கும் மின்னஞ்சலுக்கும் அது சரி. யுடிபி பேப்பர் போடும் பையன் மாதிரி, வாசலில் வீசிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், எடுத்தீர்களா என்று திரும்பிப் பார்க்காது. குரலுக்கு இந்தப் பையன்தான் வேண்டும். போன விநாடி தொலைந்த 20 மில்லி விநாடி ஒலியை இப்போது கொண்டுவந்து கொடுத்து என்ன செய்ய? பேச்சு அதைத் தாண்டிப் போய்விட்டது.

இது பிற்காலத்தில் யாரோ கண்டுபிடித்த சமாளிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1974லேயே குரலைப் பாக்கெட்டாக அனுப்பிப் பார்த்துவிட்டார்கள். அப்போது டிசிபியும், முகவரி பார்த்துப் பாக்கெட்டைக் கொண்டுபோகும் ஐபியும் ஒரே உருண்டையாக இருந்தன, எல்லாவற்றுக்கும் ரசீது. குரல் ஆராய்ச்சியில் இருந்த டேனி கோஹன் போன்றவர்கள், எங்களுக்கு ஒன்றிரண்டு தொலைந்தாலும் பரவாயில்லை, நேரத்துக்கு வந்தால் போதும் என்று வாதாடினார்கள். அந்த வாதமும் சேர்ந்துதான் உருண்டை இரண்டாக உடைந்தது, 1980ல் யுடிபி எழுதப்பட்டது. ஆக, இணையத்தின் அடித்தளத்திலேயே குரலுக்காக ஒரு விரிசல் விட்டு வைத்திருக்கிறார்கள். முழுமை முக்கியமா, நேரம் முக்கியமா என்ற கேள்வியில் குரல் நேரத்தின் கட்சி.

நேரம் என்று வந்தால் மூன்று சொற்கள். லேட்டன்சி என்பது தாமதம், பாக்கெட் இங்கிருந்து அங்கே போகும் நேரம். ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்று அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வழிகாட்டுகிறது. அதற்கு மேல் போகப் போக இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க" ஆகிவிடும். செயற்கைக்கோள் வழியாகப் பேசிய தலைமுறைக்கு இது நன்றாக நினைவிருக்கும். அந்தக் கோள் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. குரல் ஏறி இறங்கவே கால் விநாடி, கேள்விக்குப் பதில் வர அரை விநாடி. நல்லா இருக்கியா என்று கேட்டால் ஒரு மௌனம் விழும், அந்த மௌனத்தில் அம்மாக்கள் என்னென்னவோ நினைத்துப் பயந்துவிடுவார்கள்.

இன்று சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் நடுவே குரல் கடலுக்கடியில் போகிறது. 2002ல் போட்ட ஐ2ஐ என்ற கேபிள் இந்த இரண்டு ஊரையும் நேராக இணைத்தது, நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். வகுத்துப் பாருங்கள், ஒரு வழிக்கு 16 மில்லி விநாடி. கண் இமைக்கிற நேரத்தில் குரல் பலமுறை போய்த் திரும்பிவிடும். ஆக, தூரம் நம் எதிரி இல்லை.

ஜிட்டர் என்பது அந்தத் தாமதம் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்குவது. இதைப் புரிந்துகொள்ள பஸ் ஸ்டாப்பில் நின்றாலே போதும். எட்டு நிமிடத்துக்கு ஒன்று என்பார்கள், இருபது நிமிடம் ஒன்றும் வராது, அப்புறம் ஒரே எண்ணில் மூன்று பஸ் ஒன்றன் பின் ஒன்றாக வரும். மொத்தக் கணக்கில் பஸ் எதுவும் குறையவில்லை, ஆனாலும் நீங்கள் வேலைக்குத் தாமதம். பாக்கெட்டும் அப்படித்தான். அதனால் ஃபோன் வந்தவுடன் ஒலிக்காமல், கொஞ்சம் பிடித்து வைத்து, இடைவெளியைச் சமன் செய்து விடுகிறது. ஜிட்டர் பஃபர் என்பது இதுதான், பஸ் இன்டர்சேஞ்சில் நிறுத்தி நேரம் பார்த்து அனுப்புவது போல. நிறையப் பிடித்து வைத்தால் தாமதம் கூடும், குறைவாகப் பிடித்தால் பிந்தி வந்த பாக்கெட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான். அப்படி எறிந்ததும், வழியிலேயே தொலைந்ததும் சேர்ந்து மூன்றாவது சொல்லுக்கு வருகின்றன, பாக்கெட் லாஸ். ஒன்றிரண்டு போனால் ஃபோன் முந்தைய ஒலியை இழுத்துவிட்டு ஓட்டையை ஒட்டிவிடும், நமக்குத் தெரியாது. வரிசையாக நாலைந்து போனால்தான் அக்கா சொன்ன வெட்டி வெட்டி.

சனிக்கிழமை போனேன். காப்பி வந்தது. வைஃபை பெட்டி எங்கே என்று கேட்டால் அக்காவின் கணவர் பெருமையாக பாம் ஷெல்டர் கதவைத் திறந்து காட்டினார். அரிசி மூட்டைக்கும் மடக்கி வைத்த கட்டிலுக்கும் நடுவே ரவுட்டர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. வயர் வெளியே தெரியக்கூடாதாம். 1990களின் இறுதியிலிருந்து கட்டப்படும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருக்கிற இந்த அறை, வெளியே குண்டு விழுந்தால் உள்ளே இருப்பவர் பிழைக்க வேண்டும் என்று தடித்த கான்கிரீட் சுவரும் எஃகுக் கதவும் வைத்துக் கட்டியது. வெடிச் சிதறலையே தடுக்கிற சுவர் வைஃபையை மட்டும் போக விடுமா?

மடிக்கணினியைப் படுக்கையறையில் வைத்து பிங் அடித்தேன். பிங் என்பது ஒன்றுமில்லை, சின்னதாக ஒரு பாக்கெட்டை அனுப்பி அது போய்த் திரும்ப எத்தனை மில்லி விநாடி என்று பார்ப்பது. நீர்மூழ்கிகள் ஒலி அனுப்பி எதிரொலி கேட்குமே, அந்தப் பெயர்தான். முதலில் சென்னைக்குப் போகவில்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கும் ரவுட்டருக்கு அடித்தேன். 4, 3, 5, 212, 4, 6, 340, 5, அப்புறம் ஒன்று திரும்பவே இல்லை. அடுத்து ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து வயரைச் சொருகி அடித்தால் 1, 1, 1, 1. அதே வயரில் சென்னையில் ஒரு சர்வருக்கு அடித்தால் 40க்குப் பக்கத்தில் ஆடாமல் நின்றது. கடலுக்கடியில் மூவாயிரம் கிலோமீட்டர் ஒழுங்காக வந்த குரல், ஷெல்டர் கதவிலிருந்து கட்டில் வரைக்கும் உள்ள ஆறு மீட்டரில் தடுக்கி விழுந்துகொண்டிருந்தது.

வேக சோதனை மட்டும் அதே படுக்கையறையில் விநாடிக்கு 300 மெகாபிட்டுக்கு மேல் காட்டியது. இதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வேக சோதனை பத்துப் பதினைந்து விநாடிக்கு எவ்வளவு வந்தது என்று மொத்தமாகக் கூட்டி வகுத்துச் சொல்கிறது. நடுவில் அரை விநாடி ஒன்றுமே வராமல் நின்றாலும் அடுத்த விநாடியில் அள்ளிக் கொட்டினால் கணக்கு நேராகிவிடும். படம் பார்ப்பவருக்கும் அது தெரியாது, முன்கூட்டியே பல விநாடிப் படம் இறங்கியிருக்கும். பேசுகிறவருக்கு மட்டும்தான் அந்த அரை விநாடி தெரியும், ஏனென்றால் அம்மா அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்பதை யாரும் முன்கூட்டியே இறக்கி வைக்க முடியாது.

பத்து மீட்டர் வயர் வாங்கி ரவுட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். ஃபோனை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றினேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று இடிக்காத தடங்கள் மூன்றுதான், 1, 6, 11. அக்கா வீட்டில் நின்று பார்த்தால் முப்பதுக்கும் மேற்பட்ட அண்டை வீட்டு வைஃபை பெயர்கள் அந்த மூன்றுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. இவ்வளவு செய்தும் ஊர்ப் பக்கத்தில் அம்மா கையில் இருக்கும் ஃபோனுக்கு ஒரு கோடுதான் சிக்னல் என்றால் அந்தப் பக்கம் வெட்டத்தான் செய்யும். அதற்கு இங்கிருந்து நாம் எதுவும் செய்ய முடியாது, ஜன்னல் பக்கம் வந்து பேசுங்கள் என்று சொல்லலாம்.

இடையில் பெட்டிகளின் பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் ஃபைபர் வந்து முடியும் சின்ன வெள்ளைப் பெட்டி டெர்மினேஷன் பாயின்ட். அதிலிருந்து வரும் ஒளியை மின்குறியாக மாற்றுவது ஓஎன்டி. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு முகவரி கொடுத்து வெளியுலகோடு பேச வைப்பது ரவுட்டர். வைஃபை என்பது ரவுட்டர் செய்யும் வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். எல்லாவற்றையும் மோடம் என்று சொல்லும் வழக்கத்தை மாற்ற நான் முயன்று தோற்றுவிட்டேன்.

முகவரி என்றேன் அல்லவா, இணையத் தொலைபேசியில் அதிகம் தலைவலி கொடுக்கும் இடம் அதுதான். ஐபி முகவரியை உங்கள் புளோக்கின் அஞ்சல் குறியீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் எண் என்பது வீட்டுக்குள் இருக்கும் அறைக் கதவின் எண் மாதிரி. ஒரே கருவியில் வலைப்பக்கம், மின்னஞ்சல், குரல் எல்லாம் ஒன்றாக ஓடும்போது எது எந்தக் கதவுக்கு என்று சொல்வது போர்ட். பழைய ஐபி முறையில் 32 பிட், மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகத் தொகுப்பில் மீதி இருந்த பெரிய கட்டுகளை 2011 பிப்ரவரியில் பங்கு போட்டு முடித்துவிட்டார்கள். 128 பிட் உள்ள ஐபி ஆறாம் பதிப்பு இந்தப் பஞ்சத்தைத் தீர்க்கத்தான் வந்தது, ஆனால் எல்லோரும் மாறி முடிக்கவில்லை. அதுவரைக்கும் சமாளிக்க வந்ததுதான் நாட். வீட்டுக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரி, வெளியே போகும்போது எல்லோருக்கும் சேர்த்து ஒரே பொது முகவரி. அந்த உள்முகவரி உங்கள் வீட்டிலும் இருக்கும், என் வீட்டிலும் இருக்கும். எட்டாவது மாடி 123 என்ற வீட்டு எண் எல்லா புளோக்கிலும் இருப்பது மாதிரி.

இப்போது சிப். குரலைக் கொண்டுபோவது வேறு, அழைப்பை ஏற்பாடு செய்வது வேறு. இரண்டாவது வேலை சிப்புடையது, இன்று புழங்கும் வடிவம் 2002ல் எழுதப்பட்டது. நீங்கள் எண்ணை அழுத்தியதும் உங்கள் ஃபோன் இன்வைட் என்று ஒரு செய்தி அனுப்பும், அழைப்பிதழ் மாதிரி. மணி அடிக்கிறது என்றால் அங்கிருந்து 180 என்று பதில் வரும், எடுத்துவிட்டால் 200. வேறு ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தால் 486. அப்படி ஓர் ஆளே இல்லை என்றால் 404, வலைப்பக்கத்தில் பார்ப்பீர்களே அதே எண்தான், வலையின் இலக்கணத்தைப் பார்த்துத்தான் இதை எழுதினார்கள். வைக்கும்போது பை. குரல் இந்த வழியில் வராது, ஆர்டிபி என்ற வேறு வண்டியில், யுடிபி மேல் ஏறி, வேறு போர்ட்டில் நேராக வரும். எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டுக்குக் குரலை அனுப்ப வேண்டும் என்பதை அழைப்பிதழுக்குள்ளேயே எழுதி வைத்திருப்பார்கள்.

அங்கேதான் வினை. சில வருடங்களுக்கு முன் காக்கி புக்கிட்டில் ஒரு சிறு நிறுவனத்துக்குத் தொலைபேசி பார்த்துக் கொடுக்கப் போயிருந்தேன். பிபிஎக்ஸ் எனப்படும் உள்தொலைபேசி நிலையத்தை மேகத்துக்கு, அதாவது இணையத்தில் வேறெங்கோ இருக்கும் சர்வருக்கு மாற்றியிருந்தார்கள். அன்றிலிருந்து இவர்கள் பேசுவது எதிராளிக்குக் கேட்கும், எதிராளி பேசுவது இவர்களுக்குக் கேட்காது. விற்றுப் போனவர்கள் இரண்டு தடவை கருவியை மாற்றிக் கொடுத்துவிட்டு, காசும் வாங்கிக்கொண்டு, உங்கள் இன்டர்நெட் சரியில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். கருவி அனுப்பிய அழைப்பிதழைத் திறந்து பார்த்தேன். குரலை 192.168.1.20க்கு அனுப்பவும் என்று எழுதியிருந்தது. எந்த புளோக் என்று சொல்லாமல் எட்டாவது மாடி 123க்கு பிரியாணி அனுப்புங்கள் என்று சொன்ன கதைதான். எதிராளியின் குரல் பாவம் எங்கேயோ தெருவில் நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் என் பொது முகவரி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழிக்கு ஸ்டன் என்று பெயர், அதைப் போட்டதும் கேட்டது. நேர்வழியே கிடைக்காத இடத்தில் நடுவில் ஓர் ஆள் வாங்கி வாங்கிக் கைமாற்றிவிடுவான், அவன் டர்ன். ரவுட்டருக்குள் சிப் ஏஎல்ஜி என்று ஒரு வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். உதவி செய்வதாக நினைத்து அழைப்பிதழில் கிறுக்கி வைப்பது அது, என் அனுபவத்தில் நன்மை செய்து பார்த்ததில்லை.

இதெல்லாம் அலுவலகத்துக்கும் வாட்ஸ்அப்புக்கும்தான், நான் சாதாரண கால்தான் செய்கிறேன் என்று நினைத்தால், அந்தச் சாதாரண கால் இப்போது இல்லை. சிங்கப்பூரில் 2ஜி 2017 ஏப்ரலில் நின்றது, 3ஜி 2024ல் நின்றது. அதன் பிறகு கைப்பேசியில் எண் அழுத்திப் பேசுவது வோல்ட்டி, அதாவது 4ஜி மேல் பாக்கெட்டாகப் போகும் குரல். உள்ளே அழைப்பை ஏற்பாடு செய்வதும் அதே சிப்தான். வாட்ஸ்அப்போடு ஒரு பெரிய வித்தியாசம், அந்தக் குரல் பாக்கெட்டுகளுக்கு நிறுவனம் தன் வலையில் முன்னுரிமை கொடுத்துத் தனித் தடத்தில் விடுகிறது. இதற்குத்தான் கியூஓஎஸ் என்று பெயர். வாட்ஸ்அப் குரல் மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து பொதுத் தடத்தில் போகும். யாரும் ஒட்டுக்கேட்காமல் குரலைப் பூட்டும் விஷயத்தில் தலைகீழ். வாட்ஸ்அப்பில் பேசும் இருவரைத் தவிர நடுவில் யாரும் திறக்க முடியாது, வோல்ட்டியில் நிறுவனத்தின் வலைக்குள் அந்தப் பூட்டு இல்லை.

வீட்டுத் தொலைபேசியும் மாறிவிட்டது. செப்புக் கம்பி காலத்தில் தொலைபேசி நிலையமே 48 வோல்ட் மின்சாரத்தையும் கம்பியிலேயே அனுப்பியது, வீட்டில் மின்சாரம் போனாலும் ஃபோன் வேலை செய்தது. ஃபைபர் மின்சாரம் கடத்தாது. சுவிட்ச் டிரிப் ஆனால் ஓஎன்டி அணையும், கூடவே தொலைபேசியும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் ஆம்புலன்ஸ் எண்ணான 995க்கு அழைக்க, சார்ஜ் இருக்கும் கைப்பேசி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே 6ல் தொடங்கினால் வீடு அல்லது அலுவலகம், 8 அல்லது 9 என்றால் கைப்பேசி, இது எல்லோருக்கும் தெரியும். 3ல் தொடங்கும் எட்டு இலக்க எண் வந்தால் பலர் வெளிநாடு என்று பயந்து எடுப்பதில்லை. அது இணையத் தொலைபேசிக்கென்று ஒதுக்கிய உள்ளூர் வரிசை. பயப்பட வேண்டிய அடையாளம் வேறு. 2020 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் கூட்டல் குறி போட வேண்டும் என்று தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான ஐஎம்டிஏ ஏற்பாடு செய்தது. உள்ளூர் அழைப்புக்கு அந்தக் குறி வராது. ஆகவே காவல்துறை, வங்கி என்று சொல்லிக்கொண்டு +65 என்று திரையில் காட்டி ஓர் அழைப்பு வந்தால், அது வெளிநாட்டிலிருந்து சிங்கப்பூர் வேடம் போட்டு வருகிறது. இந்த வேடம் எப்படிச் சாத்தியம்? இணையத் தொலைபேசியில் அழைப்பவர் எண் என்பது அழைப்பிதழில் "அனுப்புநர்" என்ற இடத்தில் எழுதும் ஒரு வரி. கடித உறையின் பின்பக்கம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அந்த மாதிரிதான்.

இதே வித்தையின் இன்னொரு முகத்தைச் சிராங்கூன் சாலையில் காலிங் கார்டு வாங்கிப் பேசியவர்கள் பார்த்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் கடைக்குக் கடை தொங்கும், சுரண்டினால் நீளமாக ஓர் எண். அதை அழுத்தி ஊருக்குப் பேசினால் அங்கே வீட்டில் சிங்கப்பூர் எண் வராமல் ஏதோ ஓர் இந்தியக் கைப்பேசி எண் வரும். "யார் நம்பர்டா இது, திருப்பிக் கூப்பிட்டா எவனோ எடுக்கறான்" என்று அப்பா திட்டுவார். குரல் இணையம் வழியாக இந்தியா வரைக்கும் போய், அங்கே யாரோ ஓர் அறையில் பல சிம் கார்டுகளைச் சொருகி வைத்த ஒரு பெட்டியில் இறங்கி, அதில் ஒரு சிம்மிலிருந்து உள்ளூர் அழைப்பாகக் கிளம்பியிருக்கும். அந்தப் பெட்டிக்கு சிம் பாக்ஸ் என்று பெயர். வெளிநாட்டு அழைப்புக்குக் கட்ட வேண்டிய கட்டணத்தை ஏய்க்கும் வழி, சட்ட விரோதம். நாம் நிமிடத்துக்கு இத்தனை காசு மிச்சம் என்று மட்டும்தான் பார்த்தோம்.

அக்கா வீட்டில் மறுநாள் பேசிப் பார்த்தார்கள். வெட்டவில்லை. ஆனால் புதிதாக ஒரு சந்தேகம். "அம்மா பேசாம இருக்கும்போது லைன்ல மெல்லிசா ஒரு இரைச்சல் வருது தம்பி, அது ஊர்ச் சத்தமா?" என்று கேட்டார். இல்லை அக்கா. ஒருவர் பேசாமல் இருக்கும்போது பாக்கெட் அனுப்பி வீணாக்க வேண்டாம் என்று ஃபோன் அனுப்புவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். அப்படி நிறுத்தினால் மறுபக்கம் சுத்தமான நிசப்தம். அந்த நிசப்தத்தைக் கேட்டதும் எல்லோரும் லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினார்கள். அதனால் கேட்கிற ஃபோனே தன் பங்குக்கு மெல்லிய இரைச்சல் ஒன்றைத் தயாரித்து விடுகிறது, கம்ஃபர்ட் நாய்ஸ் என்பார்கள். ஊர்ச் சத்தம் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருப்பது உங்கள் கையில் இருக்கும் ஃபோன் போடுகிற சத்தம். அக்கா கொஞ்ச நேரம் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அம்மா வீட்டு ஃபேன் சத்தம்னு நெனச்சேனே" என்றார்.